பிழைக்குப் பெயர் சூட்டுவதும் சான்றை எடைபோடுவதும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், டெங்குக் காய்ச்சலில் தம் மகனுக்கு பிளேட்லெட் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததாகவும், பப்பாளி இலைச் சாறு கொடுத்த இரண்டே நாளில் அது மளமளவென்று ஏறியதாகவும், ஆகவே காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் அதையே கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். ‘ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்தால், முன்னதால்தான் பின்னது நடந்தது என்று ஆகிவிடாது; இது தர்க்கப் பிழை’ என்று நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள். ‘நான் கண்ணால் பார்த்ததை நீங்கள் புத்தகத்தில் படித்ததைக் கொண்டு மறுக்கிறீர்களா?’ என்று அவர் கேட்க, குழு முழுவதும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. இத்தகைய பிழைகளைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொள்ளப் பழகுவது எப்படி என்றும், நேரில் கண்டவர் சொல், மருத்துவர் சொல், செய்தித்தாள், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு எடை தருவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகள். முதலாவதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குப் பயன் இல்லை என்பது என் கருத்து. உங்களுக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவதற்கான விடை.

நான் சென்னையின் விசாரணை நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடத்தி வருபவன். என் பயிற்சி சாட்சியச் சட்டத்திலும் குறுக்கு விசாரணையிலும்தான், மருத்துவத்தில் அன்று. ஆகவே டெங்கு பற்றிக் கீழே நான் சொல்பவற்றைப் பாடநூல் அளவிலான பொது அறிவாக மட்டும் கொள்ளுங்கள். சான்று எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது பற்றிச் சொல்பவற்றை என் தொழிலிலிருந்து சொல்கிறேன்.

வாதப் பிழைகளைப் பட்டியலிடுவது நம் மொழிக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் பக்கப்போலி (நிறுவ வந்த கூற்றில் பிழை), ஏதுப்போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று பிழைகளை மூன்றாகப் பிரித்து, அவற்றை மேலும் முப்பத்து மூன்று வகைகளாக விரிக்கிறார். வடமொழியில் பௌத்தர்கள் வளர்த்த தர்க்க மரபின் தமிழ் வடிவம் அது. அதைப் படித்தால் ஒன்று புலப்படும்: அவ்வகைகளில் பெரும்பாலானவை வாதத்தின் வடிவத்தில் உள்ள குறைகள். நம் வீட்டிலும் வீதியிலும் நடக்கும் விவாதங்களில் வடிவம் கெடுவது அரிது. காட்டிய சான்று சொன்ன முடிவைத் தாங்குமா என்பதில்தான் சிக்கல் வருகிறது. அதை எந்தப் பட்டியலும் தானாகச் சொல்லித் தராது.

பட்டியலை மட்டும் நம்பினால் நேரும் இடர்ப்பாட்டுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். வாதத்தை விட்டு ஆளைத் தாக்குவது பிழை என்று எல்லாப் பட்டியல்களும் சொல்லும். ஆனால் குறுக்கு விசாரணையில் நான் செய்வதில் பாதி, சாட்சியின் மேல் கேள்வி எழுப்புவதுதான்: அவருக்கும் எதிர்த்தரப்புக்கும் என்ன பகை, அந்த நேரத்தில் அவர் அங்கே எப்படி வந்தார், முன்பு காவல் துறையிடம் வேறு விதமாகச் சொன்னாரா. சட்டம் இதை அனுமதிக்கிறது. ஏனென்றால் சாட்சியம் என்பது ‘நான் பார்த்தேன், என்னை நம்புங்கள்’ என்று கேட்பது. அங்கே ஆளின் நம்பகம்தான் சான்றின் அடித்தளம். அதற்கு மாறாக ஒருவர் கணக்குப் போட்டு, படி படியாக விளக்கி ஒரு முடிவுக்கு வந்தால், அவர் திருடராகவே இருந்தாலும் கணக்கு சரியா என்றுதான் பார்க்க வேண்டும். ஆக, ஆளைப் பற்றிப் பேசுவது பிழையா இல்லையா என்பது, அவர் நம்மிடம் நம்பிக்கையைக் கேட்கிறாரா அல்லது காரணத்தை முன்வைக்கிறாரா என்பதைப் பொறுத்தது. நிபுணரின் சொல்லைச் சான்றாகக் காட்டுவதும் இப்படித்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவில் நிபுணர் கருத்தைப் பொருத்தமான சான்றாக ஏற்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் ஏற்கிறது. ஆனால் நிபுணர் முடிவை மட்டும் சொல்லிவிட்டு அடிப்படையைச் சொல்லாமல் போனால், அந்தக் கருத்துக்கு நீதிமன்றம் பெரிய எடை தருவதில்லை. ‘பெரிய டாக்டர் சொன்னார்’ என்பதை உடனே பிழை என்று தள்ளுவதும் தவறு, அதோடு விவாதம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அந்த டாக்டருக்கு அந்தத் துறை தெரியுமா, எதைக் கொண்டு சொன்னார் என்று கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் வழக்குக்கு வருகிறேன். பொதுவாகப் பலர் கவனிக்காமல் விடும் ஒரு நுட்பம் சாட்சியச் சட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஒரு செய்தி மெய்ப்பிக்கப்பட்டது, பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது என்று மூன்று நிலைகளைச் சட்டம் வரையறுக்கிறது. முதல் நிலைக்குக் கூட அது ஐயத்துக்கே இடமில்லாத உறுதியைக் கேட்பதில்லை. விவேகமுள்ள ஒருவர் அச்செய்தி உண்மை என்று கொண்டு அந்தச் சூழ்நிலையில் செயல்படத் தக்க அளவுக்கு அது நிகழ வாய்ப்புடையதாக இருந்தால் போதும். மூன்றாம் நிலை, முதல் இரண்டிலும் சேராதது. பப்பாளி இலைச் சாறு பற்றி அந்தத் தந்தை காட்டிய சான்று மூன்றாம் நிலையைத் தாண்டவில்லை. நீங்கள் சொல்ல நினைத்ததும் அதுவே. ஆனால் ‘தர்க்கப் பிழை’ என்ற சொல் காதில் விழுந்தவுடன், ‘சாறு பயனற்றது’ என்று இரண்டாம் நிலையை நீங்கள் அறிவித்ததாகவே குழு எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களை முழுவதும் குறை சொல்ல முடியாது. ஒரு முடிவுக்குத் தரப்பட்ட காரணம் மோசமானது என்பதால் முடிவு பொய்யாகிவிடாது. அப்படி ஆகிவிட்டது போல் பேசுவது தானே ஒரு பிழை. வழக்கறிஞர்களிலும் இதில் வழுக்கி விழாதவர்கள் குறைவு.

ஒரு சான்றை எடைபோட நான் ஜூனியர்களுக்குச் சொல்லித் தரும் கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் கட்சிக்காரர் சொல்வது பொய்யாக இருந்திருந்தாலும் இதே சான்று கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றால் அந்தச் சான்று எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதற்கு எடை இல்லை. கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை என்றால் அது ஒரு துண்டுக் காகிதமாக இருந்தாலும் கனமானது. டெங்குவில் காய்ச்சல் தணியும் காலத்தையொட்டி, பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பிளேட்லெட் எண்ணிக்கை சரிந்து அடிமட்டத்துக்கு வருகிறது; சிக்கலான அந்தக் கட்டம் ஒன்று இரண்டு நாள் நீடித்து, பின்பு பெரும்பாலோருக்கு எண்ணிக்கை தானாகவே ஏறத் தொடங்குகிறது. பெற்றோர் எப்போது சாற்றைத் தேடி ஓடுகிறார்கள்? எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது என்று பரிசோதனைக் கூடத்துச் சீட்டு வந்த அன்று. அதாவது ஏற்றம் தொடங்குவதற்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் முன்பு. அன்று இளநீர் கொடுத்திருந்தாலும், வேண்டுதல் செய்து மஞ்சள் துணியில் காசு முடிந்திருந்தாலும், ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அடுத்த சீட்டில் எண் ஏறியிருக்கக் கூடும். ஆகவே அந்த ஏற்றம், சாறு வேலை செய்தது என்ற கருத்தோடும் பொருந்துகிறது, செய்யவில்லை என்ற கருத்தோடும் பொருந்துகிறது.

சிலப்பதிகாரத்து வழக்கு இந்தக் கோணத்தில் மிகவும் பொருள் நிறைந்தது. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது; அது அரசியின் சிலம்பைப் போலவே இருந்தது. அவன் கள்வனாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், மனைவியின் சிலம்பை விற்க வந்தவனாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டாத அந்தச் சான்றின் மேல், தானே திருடிய பொற்கொல்லனின் சொல்லையும் ஏற்றி ஒருவன் உயிர் பறிக்கப்பட்டது. கண்ணகி முன்வைத்தது வேறு வகைச் சான்று: உள்ளே முத்தா, மாணிக்கமா. ஒரு கருத்து உண்மையானால் ஒரு விடையும், மற்றது உண்மையானால் வேறு விடையும் வரும் சோதனை அது.

இதையே உச்ச நீதிமன்றம் 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் சூழ்நிலைச் சாட்சியம் பற்றிச் சொன்னபோது வேறு மொழியில் வகுத்தது. சூழ்நிலைகள் குற்றத்தோடு பொருந்தினால் மட்டும் போதாது. குற்றம் என்ற ஒன்றைத் தவிர மற்ற எந்தக் கருதுகோளோடும் அவை பொருந்தாமல் இருக்க வேண்டும், சங்கிலியின் கண்ணிகள் அறுபடாமல் இருக்க வேண்டும் என்றது. அன்றாட விவாதத்தில் இவ்வளவு கடுமையைக் கேட்க முடியாது என்றாலும், ‘வேறு எப்படி இது நடந்திருக்கக் கூடும்’ என்ற வினா எங்கும் செல்லுபடியாகும்.

‘கண்ணால் பார்த்தேன்’ என்ற பதிலுக்கு வருகிறேன். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்பது சட்ட விதி: பார்த்ததைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவர் சொல்ல வேண்டும். இவ்விதியின்படி அந்தத் தந்தை நல்ல சாட்சி. அவரைச் சந்தேகிக்க எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லை. ஆனால் அவர் பார்த்தது மூன்று செய்திகள் மட்டுமே: எண் குறைந்தது, சாறு கொடுத்தார், எண் ஏறியது. ‘அதனால்’ என்பதை அவர் பார்க்கவில்லை. அதை யாராலும் பார்க்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். சாட்சிக் கூண்டில் நிற்பவர் பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்வார். அவருக்கே இரண்டும் வேறு என்று தெரியாது. இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் குறுக்கு விசாரணையின் கலை. அதை எரிச்சலோடு செய்தால் சாட்சி இறுகிப்போவார். ‘நீங்கள் சொன்ன எண்களை அப்படியே ஏற்கிறேன். சாறு கொடுக்காத பிள்ளைகளுக்கு அதே நாட்களில் எண் என்ன ஆனது என்று யாருக்காவது தெரியுமா?’ என்று நீங்கள் கேட்டிருந்தால், அவருடைய கண்ணையும் அன்பையும் தொடாமல், ஊகத்தை மட்டும் மேசையில் வைத்திருக்கலாம்.

அடுத்து, எத்தனை பேர் சொல்கிறார்கள் என்ற கணக்கு. குழுவில் வேறு சிலரும் ‘எங்கள் வீட்டிலும் கேட்டது’ என்று எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு செய்தியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. 1957-இல் சென்னை மாநிலத்திலிருந்து சென்ற வடிவேலுத் தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சிகளை முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டும் அல்லாதவர் என்று பிரித்து, முதல் வகையினர் ஒருவரே போதும் என்றும், மூன்றாம் வகையினருக்கு வேறிடத்திலிருந்து வலுச் சேர்க்கும் சான்று வேண்டும் என்றும் சொன்னது. அந்த ‘வேறிடத்திலிருந்து’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்துக் குழுக்களில் வந்த ஒரே ஃபார்வர்டு பத்துச் சாட்சிகள் ஆகாது. ஒருவர் சொன்னதைக் கேட்ட ஒன்பது பேர் அவருக்கு வலுச் சேர்ப்பதில்லை, எதிரொலிக்கிறார்கள். மேலும், சாறு கொடுத்தும் நிலைமை மோசமாகி மருத்துவமனைக்கு ஓடியவர்கள் அந்த நேரத்தில் குழுவில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். சாறே கொடுக்காமல் குணமானவர்களுக்கு எழுத ஒன்றும் இராது. நம் கண்முன் வந்து நிற்கும் சாட்சிகள் எந்த வடிகட்டி வழியாக வந்தார்கள் என்று பார்க்காமல் தலைகளை எண்ணுவதில் பொருள் இல்லை.

ஒன்றையொன்று சார்ந்திருக்கக் கூடியவற்றைச் சாராதவை என்று தவறாக எடுத்துக்கொண்டால் படித்தவர்களும் எவ்வளவு தூரம் வழிதவறுவார்கள் என்பதற்கு இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞருக்கு நேர்ந்தது சான்று. அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் 1996-இலும் 1998-இலும் அடுத்தடுத்து இறந்தன; கொலை என்று வழக்குத் தொடரப்பட்டு 1999-இல் அவர் தண்டிக்கப்பட்டார். வசதியான, புகைப்பிடிக்காத ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8,543-இல் ஒரு வாய்ப்பு, ஆகவே இரண்டு குழந்தைகள் அப்படி இறக்க அதை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 7.3 கோடியில் ஒரு வாய்ப்பு என்று ஒரு குழந்தை மருத்துவ நிபுணர் சாட்சியம் சொன்னார். ஒரே தாய் தந்தை, ஒரே மரபணு, ஒரே வீடு. முதல் மரணத்துக்குக் காரணமான ஏதோ ஒன்று இரண்டாவதற்கும் காரணமாக இருக்கலாம் என்பதால் அந்தப் பெருக்கலுக்கே இடமில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அந்த எண்ணைச் சரி என்றே வைத்துக்கொண்டாலும், அது அவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு ஆகாது. இரண்டு கைக்குழந்தைகள் திடீரென இயற்கையாக இறப்பது அரிது. ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிது. இரண்டு அரியவற்றுள் எது மேலும் அரிது என்று ஒப்பிட வேண்டியிருக்க, ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிட்டார்கள். பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் 2001-இல் இதைக் கண்டித்து வெளிப்படையாக அறிக்கை விட்டது. 2003-இல் இரண்டாம் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். அதற்கு முதன்மைக் காரணம், இரண்டாம் குழந்தையின் நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவுகள் அவர் தரப்பு வழக்கறிஞர்களுக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பின் நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். நீதிபதியும் ஜூரியும் வழக்கறிஞர்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது என்பதை நினைத்தால், வாட்ஸ்ஆப் குழு மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு விவாதத்தையும் எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் வெள்ளம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்ததா, பெருமழையால் வந்ததா? இன்றும் இந்தப் பேச்சு எடுத்தால் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறோம். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவானது உறுதி. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதும், 2018-இல் வெளியான தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை அதைக் கடுமையாகக் குறை சொன்னதும் உறுதி. இரண்டு கட்சியினரும் தத்தம் எண்ணை உயர்த்திப் பிடிக்கிறார்கள். ஆனால் இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதால் எண்களால் மட்டும் வழக்கு தீராது. பிரித்துக் காட்டும் சான்றைப் புவியியலில் தேட வேண்டும். செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. அதற்கு மேற்புறத்தில் உள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு ஏரியைக் காரணம் சொல்ல முடியாது. வேளச்சேரியின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி வடிவது. அங்கே தேங்கியதற்கும் ஏரிக்கும் தொடர்பு காட்டுவது கடினம். ஆனால் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் திருநீர்மலைக்குக் கீழ்ப்புறம், ஆற்றங்கரையில் இருப்பவை. அங்கே திறந்துவிட்ட நீருக்குப் பங்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு பங்கு, முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்பவை நீரியல் மாதிரிகளின் துணையோடு வாதிட வேண்டியவை. அவற்றில் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ‘சென்னை வெள்ளம்’ என்று ஒரே பெயரிட்டு ஒரே காரணம் கேட்டதால்தான் இந்தச் சண்டை ஓயாமல் நடக்கிறது.

எதற்கு எவ்வளவு எடை என்று நிலையான ஏணி ஒன்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்றை மனத்தில் பொருத்திக்கொள்வது ஆபத்து என்றே நினைக்கிறேன். ஆவணம் வாய்மொழியை வெல்லும் என்பது பொது விதி. ஆனால் போலி ஆவணத்தை ஒரு வயதான பக்கத்து வீட்டுக்காரரின் சொல் வெல்லக் கண்டிருக்கிறோம். வாட்ஸ்ஆப் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டினால் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். நீதிமன்றமோ அத்தகைய மின்னணுப் பதிவுக்கு, மூலக் கருவியையே முன்னிலைப்படுத்தினால் தவிர, முறையான சான்றிதழ் வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றம் 2014-இலும் மீண்டும் 2020-இலும் இதை உறுதிப்படுத்தியது, புதிய சட்டமும் தொடர்கிறது. மருந்து ஒன்று வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் நம்பத்தக்க ஒரு வழி உண்டு: நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு அதைப் போலவே தோன்றும் வேறொன்றும் கொடுத்து, யாருக்கு எது போனது என்று அளப்பவருக்கும் தெரியாமல் ஒப்பிடுவது. தானாக ஏறியிருக்குமா என்ற கேள்விக்கு இரண்டாம் குழுதான் விடை. பப்பாளி இலை பற்றிச் சில ஆய்வுகள், எண்ணிக்கை சற்று விரைவாக ஏறியதாகக் காட்டியிருக்கின்றன. அவற்றில் பல சிறியவை, தரமும் ஒரே சீராக இல்லை. மேலும், எண் ஏறுவது வேறு, ஆபத்து குறைவது வேறு. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டம் தளர்வதால் வரும் அதிர்ச்சி நிலை (ஷாக்). பிளேட்லெட் எண்ணையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தவறவிடக் கூடும். எனவே சாறு பற்றி இன்றைய தேதியில் ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று எழுதுவேன். ‘பொய்’ என்று எழுத மாட்டேன்.

மெய்ப்பிக்கப்படாத நிலையில் என்ன செய்வது? எவ்வளவு சான்று போதும் என்பது, தவறினால் யாருக்கு என்ன நட்டம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் பண வழக்கில் எது நிகழ்ந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்றும், குற்ற வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்க வேண்டும் என்றும் இரண்டு அளவுகோல்கள் வைத்திருக்கிறோம். மருத்துவர் சொன்ன அளவுக்கு நீர்ம உணவும் கொடுத்து, கூடவே ஒரு கரண்டி சாறும் கொடுக்கும் தாயோடு நான் வாதாட மாட்டேன். ‘சாறு கொடுத்துவிட்டோம், இனி ஆஸ்பத்திரி வேண்டாம்’ என்று யாராவது எழுதினால், அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை; காய்ச்சல் தணிந்தபின் கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, அதைச் சொல்ல எந்தத் தர்க்கப் பெயரும் தேவையில்லை. மேலும், ‘இது வேலை செய்கிறது’ என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். ‘வேலை செய்யாது என்று நீங்கள் காட்டுங்கள்’ என்று சுமையை உங்கள் தோளுக்கு மாற்றினால், அதைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் தொழில் முறைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் என்றாவது ஒரு நாள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய இடம். கையில் உள்ள சான்றோடு வழக்கை முடித்துவிடுகிறது, பிற்பாடு புதுச் சான்று வந்தால் கதவு எளிதில் திறப்பதில்லை. அறிவியல் கேள்விகளுக்கு அது பொருந்தாது. மேலும் நீதிமன்றத்தில் இரு தரப்பும் தமக்குச் சாதகமானதை மட்டுமே தேடுகின்றன, நடுவில் ஒருவர் அமர்ந்திருப்பதால் அது ஓரளவு சரியாகிறது. ஒரே மண்டைக்குள் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு எடைபோடுவது வேறு பழக்கம். வழக்கறிஞர்களுக்கு அது கைவருவது கடினம் என்பதே என் அனுபவம்.

பழகுவதற்கு வழி கேட்டீர்கள். பிழைப் பட்டியலை இன்னொரு முறை மனப்பாடம் செய்வதை விட, கீழ் நீதிமன்றம் ஒரு விதமாகவும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு நேர்மாறாகவும் முடிவு செய்த வழக்குகளின் தீர்ப்புகளைப் படியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழ் மொழிபெயர்ப்பிலேயே அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கின் நிகழ்வுகளையும் சாட்சியங்களையும் விவரிக்கும் பகுதி வரை படித்துவிட்டு நிறுத்தி, உங்கள் முடிவையும், எந்தச் சான்று இல்லாமல் போயிருந்தால் அந்த முடிவை மாற்றியிருப்பீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள். நீங்கள் கனமாக எண்ணிய சான்றை நீதிபதி ஒரு வரியில் தள்ளியிருப்பார், நீங்கள் தாண்டிச் சென்ற ஒரு தேதியில் வழக்கே நின்றிருக்கும். அந்த இடங்களில் அவர் சொல்லும் காரணத்தை ஏற்க முடியவில்லை என்றால் ஏன் என்று அதே தாளில் எழுதி வையுங்கள்.